கிளிப்லெஸ் பெடல்: முதலில் கழற்றப் பழகுங்கள்

ஷூவைப் பூட்டிப் பிடித்துக்கொள்ளும் கிளிப்லெஸ் பெடலுக்கு மாறப் போகிறேன் என்று யாராவது சொன்னால், "நிற்கும்போது எந்தக் காலை ஊன்றுவீர்கள்?" என்றுதான் நான் முதலில் கேட்பேன். பலருக்குச் சட்டென்று பதில் வராது. மனசுக்குள்ளேயே சைக்கிளை ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிட்டு, "இடது... இல்லை, வலதுன்னு நினைக்கிறேன்" என்பார்கள். எந்த மாடல், என்ன எடை, வேகம் கூடுமா என்பதெல்லாம் அப்புறம். முதலில் அந்தக் கால் எது என்று தெரிய வேண்டும்.

வார இறுதியில் புதிதாகச் சேர்கிறவர்களைக் கூட்டிக்கொண்டு ஓட்டுவது என் வழக்கம். கூட்டத்தில் வயதில் மூத்தவன் என்பதால் எல்லோருக்கும் அண்ணன். இந்தப் பெடலை மாட்டிக்கொடுத்து, கூடவே நடந்து பழக்கிவிடும் வேலையும் எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. பார்த்தவரையில் எனக்கு ஊறிப்போன கருத்து ஒன்றுதான். காலை மாட்டுவது தானாக வந்துவிடும். கழற்றுவதைத்தான் பழக வேண்டும். எந்தப் பெடல் வாங்குவது, காலைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்குவது, ஷூவின் அடியில் மாட்டிப் பெடலில் பூட்டும் துண்டை, அதாவது கிளீட்டை, எங்கே வைப்பது என்று எல்லாவற்றையும் 'கால் லேசாக வெளியே வருமா' என்று கேட்டு முடிவு செய்யுங்கள்.

இந்தப் பெடலின் பூர்வீகமே அதுதான். லுக் என்ற பிரெஞ்சு நிறுவனம் பனிச்சறுக்குப் பலகையில் காலணியைப் பூட்டும் அமைப்புகளைச் செய்துவந்தது. சாதாரணமாகப் பிடித்திருக்க வேண்டும், விழுந்து கால் திருகினால் விட்டுவிட வேண்டும். அதற்கான பூட்டு அது. அதே யோசனையைத்தான் 1984-ல் சைக்கிள் பெடலுக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்த வருடமே பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ அந்தப் பெடலோடு டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்றார். அதற்குப் பிறகு, காலைப் பெடலோடு தோல் வாரால் கட்டிக்கொண்டு ஓட்டிய காலம் மெல்ல முடிந்துபோனது.

உங்களுக்கு இது தேவையா

"கால் மேலே வரும்போது இழுக்கலாம், அதனால் பவர் கூடும்" என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சீரான வேகத்தில் ஓட்டும்போது வேண்டுமென்றே மேலே இழுத்து மிதித்தால், அதே பவருக்கு உடம்பு கூடுதலாகச் செலவழிக்கிறது என்று 2007-ல் வெளியான ஓர் ஆய்வில் அளந்தே காட்டியிருக்கிறார்கள். நிஜமான லாபம் வேறு. வேகமாகச் சுற்றும்போது கால் நழுவாது. மழையிலும் குண்டும் குழியுமான பாதையிலும் பெடல் காலை விட்டு ஓடாது. எழுந்து நின்று மிதிக்கும்போது நம்பி எடையைப் போடலாம். முக்கியமாக, எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் பாதம் ஒரே இடத்தில் இருக்கும். நெடுந்தூரம் போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். பக்கத்தில் கடைக்குப் போய்வரத்தான் சைக்கிள் என்றால், ஊசிகள் வைத்த, பூட்டு இல்லாத நல்ல பிளாட் பெடலே போதும்.

எதை வாங்குவது

இரண்டு குடும்பம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, ஷூவின் அடியில் இரண்டு போல்ட்டில் மாட்டும் சின்ன உலோகக் கிளீட். ஷிமானோ 1990-ல் மலைச் சைக்கிளுக்காகக் கொண்டுவந்த எஸ்பிடி இந்த வகை. கிளீட் ஷூவின் அடிப்பாகத்துக்குள் பதுங்கியிருப்பதால் மனுஷனைப் போல நடக்கலாம். பெரும்பாலான எஸ்பிடி பெடல்களில் இரண்டு பக்கமும் கால் மாட்டும். குனிந்து தேட வேண்டாம். இன்னொன்று, மூன்று போல்ட்டில் மாட்டும் பெரிய பிளாஸ்டிக் கிளீட். லுக் கியோ, ஷிமானோ எஸ்பிடி-எஸ்எல் எல்லாம் இது. எடையைப் பரவலாகத் தாங்கும், பந்தயக்காரர்களுக்குப் பிடிக்கும். ஆனால் ஒரு பக்கம்தான் மாட்டும். பெடலின் பின்பக்கம் கனமாக இருப்பதால் வால் தொங்கிக்கொண்டு நிற்கும், முனையைக் கால்விரலால் தள்ளிச் சரிசெய்துதான் உள்ளே நுழைய வேண்டும். டைல்ஸ் தரையில் நடந்தால் வழுக்கும்.

ரோட் பைக் வைத்திருந்தாலும் முதல் ஜோடி எஸ்பிடிதான் என்பது என் பிடிவாதம். "அண்ணே, ரோட் பைக்ல அது நல்லா இருக்காதே" என்பார்கள். இருக்காதுதான். சிக்னலில் விழுந்து கிடப்பது அதைவிட நன்றாக இருக்காது. ஒரு பக்கம் எஸ்பிடி, மறுபக்கம் வெறும் தட்டையாக வருகிற பெடலும் உண்டு. நெரிசலில் தட்டையான பக்கம், திறந்த ரோட்டில் பூட்டும் பக்கம் என்று மாற்றி மாற்றி ஓட்டலாம். பயம் அதிகமாக இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது அதுதான். ஷூ வாங்கும்போது அடியில் எத்தனை துளை என்று பார்த்து வாங்குங்கள். இரண்டு துளை ஷூவில் மூன்று போல்ட் கிளீட் ஏறாது.

கிளீட்டிலேயே ரகம் உண்டு. எஸ்பிடியில் பெடலோடு வழக்கமாக வருவது எஸ்எச்51; குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் விடும். எஸ்எச்56 என்று தனியாக ஒன்று கிடைக்கும். அது பக்கவாட்டில் மட்டுமில்லாமல், பதற்றத்தில் காலை வெடுக்கென்று மேலே இழுத்தாலும் பெரும்பாலும் விட்டுவிடும். புதியவர்கள் பதறினால் காலை மேலேதான் இழுப்பார்கள் என்பதால் முதலில் 56-ஐ மாட்டிப் பழகச் சொல்வேன். எழுந்து நின்று ஆவேசமாக மிதித்தால் சில சமயம் கேட்காமலே கழன்றுகொள்ளும். அந்த அளவுக்கு நீங்கள் தேறும்போது 51-க்கு மாறிக்கொள்ளலாம்.

மூன்று போல்ட் வகைதான் வேண்டும் என்று நிற்பவர்கள் நிறத்தைக் கவனியுங்கள். மாட்டிய நிலையில் குதிகால் எவ்வளவு ஆடலாம் என்பதை ஃப்ளோட் என்பார்கள். ஷிமானோவில் மஞ்சள் 6 டிகிரி, நீலம் 2, சிவப்பு 0. லுக் கியோவில் கறுப்பு 0, சாம்பல் 4.5, சிவப்பு 9. அதாவது ஒன்றில் சிவப்பு என்றால் துளியும் ஆடாது, மற்றதில் சிவப்புதான் அதிகம் ஆடும். முழங்காலுக்கு நல்லது ஆடுவதுதான். ஷிமானோ என்றால் மஞ்சள், லுக் என்றால் சாம்பல் அல்லது சிவப்பு. அதற்குமேல் யோசிக்க வேண்டாம்.

மாட்டும் வேலை

பெடலை அது மாட்டும் கையான க்ராங்கில் ஏற்றுவது சுலபம், ஒரே ஒரு குழப்பத்தைத் தவிர. இடது பெடலின் மரை தலைகீழ். வலது பெடல் வழக்கம்போல வலஞ்சுழியாக இறுகும். இடது பெடல் இடஞ்சுழியாக இறுகும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே கணக்கு உண்டு. ஸ்பேனரின் கைப்பிடி மேல்நோக்கி நிற்கும்போது அதை முன்சக்கரத்துப் பக்கம் தள்ளினால் இறுகும், பின்சக்கரத்துப் பக்கம் தள்ளினால் கழலும். மரையில் கிரீஸ் தடவி, முதலில் விரலால் சில சுற்று ஏற்றிப் பாருங்கள். விரலுக்கே அடம்பிடித்தால் மரை கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம். உடனே எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

கிளீட்டுக்கு வருவோம். ஷூவைப் போட்டுக்கொண்டு, கட்டைவிரல் பாதத்தோடு சேரும் இடத்தில் உள்பக்கமாகப் புடைத்திருக்கும் எலும்பை விரலால் தடவிக் கண்டுபிடியுங்கள். ஷூவின் மேல் அந்த இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். வெளிப்பக்கம் சுண்டுவிரலுக்கும் அதேபோல் ஒன்று. சுண்டுவிரல் முட்டு சற்றுப் பின்னால் இருக்கும். பெடலின் அச்சு இந்த இரண்டு குறிகளுக்கும் இடையே வருமாறு கிளீட்டை வைக்க வேண்டும். சந்தேகம் வந்தால் முன்னால் தள்ளாதீர்கள், பின்னால் இழுங்கள். முன்னால் போகப் போகக் கெண்டைக்கால்தான் வேலை செய்ய வேண்டியிருக்கும்.

கோணத்துக்கு, உயரமான மேசையில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போடுங்கள். பாதம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தக் கோணத்துக்குக் கிளீட் இருக்கட்டும். ரொம்ப நேராக வைக்க வேண்டும் என்று அளவுகோலோடு மல்லுக்கட்ட வேண்டாம், மிச்சத்தை ஃப்ளோட் பார்த்துக்கொள்ளும்.

போல்ட்டில் கொஞ்சம் கிரீஸ், 4 மி.மீ. ஆலன் கீ, 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் இறுக்கம். இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் சாதாரண ஆலன் கீயால் நன்றாக இறுக்கிவிட்டு, முதல் ரைடு முடிந்ததும் மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது இறுக்கத்தைச் சோம்பேறித்தனத்தில் விட்டுவிடாதீர்கள். கூட வந்த தம்பி ஒருவனுக்கு ஓட்டத்தில் ஒரு போல்ட் கழன்று எங்கோ விழுந்துவிட்டது. மிச்சமிருந்தது ஒன்று. அவன் குதிகாலைத் திருப்புகிறான். ஷூ அந்த ஒற்றைப் போல்ட்டைச் சுற்றித் திரும்புகிறது, கிளீட் ஆடாமல் அசையாமல் பெடலிலேயே இருக்கிறது. பூட்டு எப்படித் திறக்கும்?

"அண்ணே, கால் வரமாட்டேங்குது!"

"காலை விடு, ஷூவைக் கழற்று!"

நான் அவன் சீட்டைப் பிடித்துக்கொள்ள, அவன் ஷூவின் பட்டையைப் பிரித்துக் காலை உருவினான். ஒரு காலில் ஷூ, மறு காலில் சாக்ஸ். பெடலில் ஷூ தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்பிரிங்கை முழுக்கத் தளர்த்தி, கிளீட்டைத் திருப்புளி முனையால் நெம்பித்தான் எடுத்தோம். இந்த வழி உங்களுக்கும் நினைவில் இருக்கட்டும். கால் வரவே இல்லை என்றால் சுவரையோ கம்பத்தையோ பிடித்துக்கொண்டு ஷூவிலிருந்து காலை எடுங்கள்.

கடைசியாக ஸ்பிரிங். பெடலின் பின்பக்கம் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், பெரும்பாலும் 3 மி.மீ. ஆலன் கீ சேரும். இடஞ்சுழியாகத் திருகினால் தளரும், ஒவ்வொரு படிக்கும் 'கிளிக்' என்று கைக்குத் தெரியும். அளவுக்குறி குறைந்தபட்சத்தைத் தொடும்வரை தளர்த்துங்கள்; அதையும் தாண்டித் திருகிக் கழற்றிவிடாதீர்கள். இரண்டு பக்கமும் மாட்டும் பெடலென்றால் ஒரு பெடலுக்கு இரண்டு ஸ்க்ரூ, ஆக மொத்தம் நான்கு. மூன்றைத் தளர்த்திவிட்டு நான்காவதை மறந்தால், எப்போதாவது அந்தப் பக்கம் மாட்டும்போது கால் திடீரென்று முரண்டு பிடிக்கும்.

கழற்றப் பழகுவது

ஏறுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஷூவைக் கையில் எடுத்து, க்ராங்கைப் பிடித்துக்கொண்டு, பெடலில் கையாலேயே மாட்டுங்கள். முனையை முன்னால் செருகி, அழுத்தினால் 'டக்' என்று பூட்டும். இப்போது ஷூவின் குதிகால் பகுதியைப் பிடித்து மெதுவாக வெளியே திருப்புங்கள். முதலில் கொஞ்ச தூரம் சும்மா ஆடும், அது ஃப்ளோட். பிறகு ஸ்பிரிங் எதிர்க்கும். அதையும் தாண்டினால் ஷூ துள்ளி வெளியே வரும். நேராக மேலே இழுத்தும் பாருங்கள், எவ்வளவு பிடிவாதமாக இருக்கிறது என்று கைக்குத் தெரியட்டும். கைக்குத் தெரிந்தது காலுக்குச் சீக்கிரம் வரும்.

அப்புறம் சுவர். சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி, சீட்டில் உட்கார்ந்து, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, சுவர் இல்லாத பக்கத்துக் காலை மாட்டுங்கள், கழற்றுங்கள். பெடல் கீழே இருக்கும்போது, பாதத்தில் எடை போடாமல், குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் போதும். முழங்காலைத் தூக்கவோ உதறவோ வேண்டாம். பேசிக்கொண்டே செய்ய முடிகிறவரை செய்யுங்கள். சைக்கிளைத் திருப்பி நிறுத்தி மறு காலுக்கும் அதே.

அடுத்தது புல்தரை, இல்லாவிட்டால் ஆளில்லாத மைதானம். இங்கே ஒரு காலை மட்டும் மாட்டி ஓட்டுங்கள். ஊன்றும் கால் சும்மா பெடல் மேல் இருக்கட்டும். கிளம்பும்போது பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, மாட்டிய காலின் பெடலை முன்னால் மேலாகக் கொண்டுவாருங்கள், கடிகாரத்தில் இரண்டு மணி இருக்கும் இடம். பிரேக்கை விட்டு, அதை அழுத்தி, அந்த ஓட்டத்திலேயே சீட்டில் ஏறி உட்காருங்கள். இது பழகிய பின் அடுத்த காலையும் மாட்டுங்கள். முதல் தடவை மாட்டவில்லை என்றால் குனிந்து பார்க்காதீர்கள். பாதத்தை அப்படியே பெடல் மேல் வைத்து நாலு சுற்று மிதியுங்கள், வேகம் வந்த பிறகு மாட்டிக்கொள்ளலாம். கீழே பார்த்தால் சைக்கிள் நீங்கள் பார்க்காத இடத்துக்குப் போகும்.

நிற்பதற்கு, சைக்கிள் இன்னும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே காலைக் கழற்ற வேண்டும். நிற்கும் இடத்துக்கு இருபது முப்பது மீட்டர் முன்னாலேயே கழற்றினாலும் தப்பில்லை. கியரையும் அப்போதே லேசாக்கிவிடுங்கள். கனமான கியரில் நின்றுவிட்டால் கிளம்பும்போது ஒற்றைக் காலால் மிதிக்க முடியாமல் தடுமாறுவீர்கள். பிறகு பிரேக், சீட்டை விட்டு முன்னால் இறங்குதல், கால் ஊன்றுதல். சீட்டில் உட்கார்ந்தபடியே தரையைத் துழாவாதீர்கள். சரியான உயரத்தில் சீட் இருந்தால் கால் எட்டாது.

விழுவதில் பெரும்பாலானவை எப்படி நடக்கின்றன தெரியுமா? இடது காலைக் கழற்றியாகிவிட்டது, ஆனால் சைக்கிள் வலது பக்கம் சாய்கிறது. ஊன்றக் கால் இல்லை. அப்படியே மெதுவாக, எல்லோரும் பார்க்க, மரம் சாய்வதுபோல் சாய்வார்கள். இதற்கு ஒரு உபாயம் உண்டு. நிற்கப்போகும் கடைசி நொடியில் ஹேண்டில்பாரை மாட்டியிருக்கும் கால் பக்கமாகக் கொஞ்சம் திருப்புங்கள். சைக்கிள் எதிர்ப்பக்கம், அதாவது ஊன்றும் கால் பக்கம் சாயும். புல்தரையிலேயே இதைச் செய்து பார்த்துவிடுங்கள். அதையும் மீறி விழத்தான் போகிறோம் என்று தெரிந்தால் கையை நீட்டி ஊன்றாதீர்கள், மணிக்கட்டு போய்விடும். ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே இடுப்பும் தோளும் சேர்ந்து தரையில் படட்டும். அந்த வேகத்தில் சிராய்ப்போடு போகும்.

எந்தக் காலை ஊன்றுவது என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லிவிடுகிறேன். சாலையின் ஓரம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துக் கால். அப்போதுதான் சாய்ந்தாலும் வண்டிகள் போகாத பக்கம் சாய்வீர்கள். ஒரு காலை முடிவு செய்துவிட்டால் முதல் சில வாரம் மாற்றாதீர்கள். மறு காலால் ஊன்றுவதையும் அப்புறம் பழகிக்கொள்ள வேண்டும், ஆனால் அவசரமில்லை.

ரோட்டுக்குப் போவதற்கு முன் நான் வைக்கும் பரீட்சை ஒன்று இருக்கிறது. மைதானத்தில் பேசிக்கொண்டே பக்கத்தில் ஓட்டுவேன். வீட்டில் என்ன விசேஷம், வேலை எப்படிப் போகிறது என்று கேட்டுக்கொண்டே வந்து, நடுவில் "நில்!" என்று கத்துவேன். பிரேக் பிடிப்பதோடு காலும் தானாகக் கழன்றால் ரோட்டுக்குப் போகலாம். பிரேக் மட்டும் பிடித்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தால், இன்னொரு நாள் மைதானம்தான்.

முதலில் வண்டிகள் குறைவான ரோடு, சிக்னல் இல்லாத வழி. நெரிசல் வந்தால் ஒரு காலைக் கழற்றியபடியே ஊர்ந்து போங்கள், யாரும் மதிப்பெண் போடப் போவதில்லை. ஏற்றத்தில் நிற்க நேர்ந்தால், குறுக்காகத் திரும்பி ஏற்றத்தின் சரிவு குறைந்த பக்கமாகக் கிளம்பலாம். பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான்.

வலியும் பராமரிப்பும்

முழங்கால் வலித்தால் பொறுத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். முதலில் கிளீட்டின் கோணத்தைப் பாருங்கள். ஓட்டும்போது குதிகால் ஃப்ளோட்டின் ஒரு ஓரத்தில் போய் முட்டிக்கொண்டே இருந்தால் கோணம் தப்பு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் மாற்றுங்கள். புது ஷூவும் பெடலும் வந்ததில் சீட்டுக்கும் பாதத்துக்கும் உள்ள தூரமும் மாறியிருக்கும், அதையும் சரிபாருங்கள். பாதம் மரத்துப்போனால் பட்டையைத் தளர்த்திப் பாருங்கள். எல்லாம் பார்த்தும் வலி போகவில்லை என்றால் சைக்கிளை உடம்புக்கு ஏற்றபடி அமைக்கும் ஃபிட்டிங் தெரிந்தவரிடமோ மருத்துவரிடமோ போவதுதான் சரி.

கால் கேட்காமலே கழல ஆரம்பித்தால் ஸ்பிரிங்கை ஒன்றிரண்டு கிளிக் இறுக்கலாம், எல்லா ஸ்க்ரூவும் ஒரே அளவில். அதற்கு முன் கிளீட் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தேய்ந்த கிளீட்டுக்கு ஸ்பிரிங்கை இறுக்கிக்கொண்டே போய், புதுக் கிளீட் மாட்டிய அன்று கால் வராமல் திண்டாடுகிறவர்கள் உண்டு. பிளாஸ்டிக் கிளீட் நடக்க நடக்கத் தேயும். உலோகக் கிளீட் அதைவிட நெடுநாள் உழைக்கும், ஆனால் சேறும் பொடிக்கல்லும் அடைத்துக்கொண்டு 'டக்' சத்தமே வராமல் செய்யும். ஏறுமுன் ஷூவைத் தரையில் ரெண்டு தட்டு தட்டினால் போய்விடும்.

கிளீட்டை மாற்றும்போது, பழையதைக் கழற்றுவதற்கு முன்பே அதைச் சுற்றி மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். புதியதை அந்தக் கோட்டுக்குள் வைத்தால் முதல் நாள் பட்ட பாடு மறுபடி வேண்டாம். போல்ட்டின் தலைக்குள் மண் இறுகிக் கிடக்கும்; ஆலன் கீயை அப்படியே செருகித் திருகினால் உள்ளே வழுக்கித் தலை மழுங்கிவிடும். ஊசியால் மண்ணை நோண்டி எடுத்து, கீ அடிவரை இறங்குகிறதா என்று பார்த்த பிறகு திருகுங்கள்.